பெட்டி காக்க வர வேண்டாம், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நேற்று தொலைபேசியில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை இரவெல்லாம் மனதில் கிடந்து உறுத்தியது. "அவர்கள் மூவரும் பனியில் சறுக்கப் போவார்கள். நான் அறையில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்." சுவிட்சர்லாந்து மலையூரான கிரிண்டெல்வால்டில் ஏழு நாள். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஸ்கீ தெரியும், பேரன் பள்ளியிலேயே பழகிவிட்டான். 63 வயதில் முதன்முதலாக ஆல்ப்ஸுக்கு வருகிற நீங்கள் பெட்டி காக்கவா வருகிறீர்கள்? உங்களைப் போலப் பிள்ளைகளோடு பிப்ரவரியில் இங்கே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். பெர்னுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், உங்கள் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்களோடு ஒரு மலையூருக்குப் போனோம். காலை 8 மணிக்கு எல்லோரும் கனத்த பூட்ஸுகளோடு கிளம்பிவிடுவார்கள். மாலை 4 மணிவரை நான் ஹோட்டல் வரவேற்பறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள், அந்த ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, தமிழ்ப் பிள்ளையா என்று கேட்டார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்துப் போய், ரோஜா நிறத்தில் ஒரு பலகையைக் காட்டினார். அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு நட, வழி தவறாது என்றார். அன்று மூன்று மணி நேரம் நடந்தேன். அந்தப் பெரியவருக்கு நான் பட்ட கடனைத்தான் இப்போது உங்களிடம் தீர்க்கிறேன்.

சுவிட்சர்லாந்து முழுவதும் குளிர்காலத்து நடைபாதைகளுக்கு அதே ரோஜா நிறப் பலகைதான். விழுந்த பனியை இயந்திரத்தால் அழுத்திச் சமப்படுத்தி, நடப்பவர்களுக்கென்றே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். முழங்கால்வரை புதையாது. தினமும் விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி வருகிறவர் நீங்கள். அந்தக் கால்களுக்கு இந்தப் பாதைகள் புதிதாக எதையும் கேட்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்ப்ஸில் குளிர்கால விடுமுறை என்ற வழக்கமே ஸ்கீ இல்லாமல் பிறந்தது. அதுவரை கோடையில் மட்டும் ஆள் வந்து போன மலை இது. 1864 இலையுதிர் காலத்தில் செயின்ட் மோரிட்ஸ் ஊரின் ஹோட்டல்காரர் யோஹன்னஸ் பாட்ருட், ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தினர் நால்வரிடம் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள்: குளிர்காலத்தில் வாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர்வரை தங்கிவிட்டார்களாம். அவர்கள் வெயில் காய்ந்தார்கள், நடந்தார்கள், உறைந்த ஏரியில் சறுக்கினார்கள், மரச் சறுக்குவண்டியில் இறங்கினார்கள். நார்வேக்காரர்களின் ஸ்கீ இங்கே பரவத் தொடங்கியது அதற்கெல்லாம் பின்பு, 1890களை ஒட்டி. ஸ்கீ தெரியாதவர்களுக்கு இந்த மலையில் ஓர் ஓரத்து இடம்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வந்த விருந்தாளிகள் அவர்கள்தான்.

இனி உங்கள் வாரம்.

முதல் இரண்டு நாள் ஊரைவிட்டு மேலே போக வேண்டாம். கிரிண்டெல்வால்டே 1,034 மீட்டர் உயரம். குளிருக்கும் காற்றுக்கும் உடம்பு பழகட்டும். பேரனின் ஸ்கீ வகுப்பை வேலியோரம் நின்று பாருங்கள். தெருவில் மரத்தால் ஆன ஒரு விசித்திர வண்டி கண்ணில் பட்டால் நின்று கவனியுங்கள். சைக்கிள் போலவே இருக்கும், சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை. வெலோகேமல் என்று பெயர். 1911இல் இதே ஊரில் பிறந்த வண்டி.

மூன்றாம் நாள் வானம் தெளிந்திருந்தால் ஊருக்கு மேலே இருக்கும் மென்லிஷன் மலைக்குப் போங்கள். இந்த வாரத்தில் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். ரயிலில் கிரிண்டெல்வால்ட் டெர்மினல் நிலையம், அங்கிருந்து ரோப் கார். சுமார் 20 நிமிடத்தில் 2,200 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து கிளைனே ஷைடெக் என்ற கணவாய் வரை ஒரு நடைபாதை, நான்கரை கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் மெல்லிய இறக்கம். நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். நீங்கள் நிற்பீர்கள், சித்தி. நடக்க நடக்க எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களும் நெருங்கி வரும். மோன்ஷ் என்றால் துறவி, யுங்ஃபிராவ் என்றால் கன்னி. ஐகரின் வடமுகம் ஏறக்குறைய 1,800 மீட்டர் செங்குத்துச் சுவர். அதில் ஏறப் போய் உயிர்விட்டவர்கள் பலர். 1938 ஜூலையில்தான் நான்கு பேர் முதன்முதலாக அதை ஏறி முடித்தார்கள். அந்தச் சுவரை நோக்கி நீங்கள் கைகளை வீசிக்கொண்டு நடக்கலாம். கேட்பதற்குக் காலடியில் பனி நொறுங்கும் ஓசை மட்டும்தான் இருக்கும்.

கிளைனே ஷைடெக்கில் சறுக்குத் தடங்களும் நடைபாதையும் ரயிலும் கூடுகின்றன. மதியம் 12.30க்கு அங்கே இருக்கும்படி தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் சறுக்கி வருவார்கள், நீங்கள் நடந்து வருவீர்கள், வெயிலில் போட்ட பெஞ்சில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். காலையில் பிரிந்து மதியத்தில் சேர்வதென்று ஒவ்வொரு நாளும் ஓர் இடத்தை முன்னரே முடிவு செய்துகொண்டால் போதும், யாரும் யாருக்காகவும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. நான் அந்த மூன்று நாளை இழந்தது, இதைச் சொல்ல ஆளில்லாததால்தான்.

திரும்பும்போது ரயிலில் இறங்குங்கள். 1893 முதல் ஓடும் பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த ஒரு கம்பி ஓடும். எங்கோ பார்த்தது போல இருக்கும், ஏனென்றால் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயிலிலும் பல்சக்கரம்தான். ஊட்டி ரயிலின் அந்தப் பல்தண்டவாள முறையை வகுத்த ரோமன் ஆப்ட் சுவிஸ் பொறியாளர். அதில் ஓடிய நீராவி எஞ்சின்களில் பல இங்கே வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. சின்ன வயதில் நீங்களும் அம்மாவும் அந்த ரயிலில் போன கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்!

மலை உச்சியருகே இருக்கும் யுங்ஃபிராவ்யோஹ் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். 3,454 மீட்டர். ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்து 1912இல் ரயிலைக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே போனால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெச் விரிந்து கிடக்கும். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் டிக்கெட் விலை அதிகம், அதோடு மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. உச்சியின் நேரடிக் காட்சியைக் காலையிலேயே கைபேசியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள், கும்பகோணத்தில் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் அந்த டிக்கெட்டை வாங்க விடமாட்டேன். அவர் வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். மென்லிஷன் பாதையில் அந்தச் சிகரங்களை இன்னும் முழுதாகப் பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

ஒரு நாள் லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கு. 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாஹ் அருவியின் ஓரங்கள் குளிரில் உறைந்து பளிங்காக நிற்கும். அங்கிருந்து மேலே மியூரன், கார்களே இல்லாத ஊர். இன்னொரு நாள் பனி கொட்டினால் மலையை மறந்துவிட்டு ரயிலேறி என்னிடம் பெர்னுக்கு வந்துவிடுங்கள். பழைய நகரத்தில் கூரை போட்ட நடைபாதைகள் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடுகின்றன, குடையே வேண்டாம். மாவு அரைத்து வைத்திருப்பேன்.

பேரன் சறுக்குவண்டியில் வரச் சொல்லி இழுப்பான். போங்கள், ஆனால் தலைக்கவசத்தோடு, சரிவு குறைந்த சின்னத் தடத்தில். ஃபவுல்ஹார்ன் மலையிலிருந்து இறங்கும் 15 கிலோமீட்டர் தடத்துக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். அங்கே போய்ச் சேரவே பனியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு கவனம் தேவை. பாலாடைக்கட்டியை உருக்கித் தரும் ஃபோண்ட்யூ சைவம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனால் அதில் வெள்ளை ஒயின் ஊற்றுவது வழக்கம், கிர்ஷ் என்ற சாராயமும் சேர்ப்பார்கள். நீங்கள் விலக்குகிறவர் என்பதால் சொல்கிறேன். உருளைக்கிழங்கைச் சீவி வறுத்த ரோஷ்டியை, பன்றி இறைச்சி இல்லாமல் என்று சொல்லி வாங்குங்கள். உருகிய சீஸை வேகவைத்த உருளைக்கிழங்கில் வழித்துத் தரும் ராக்லெட்டும் உங்களுக்குப் பிடிக்கும். ஊறுகாய்ப் பாட்டிலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

புடவையை ஹோட்டலில் கட்டிக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது கம்பளி உள்ளாடையும் பேண்ட்டும்தான். இதில் உங்களோடு பிடிவாதம் பிடிப்பேன். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதுப் பனி வெயிலைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கும், மார்கழிக் குளிரில் சித்திரை வெயில் போல. ரயிலுக்கும் ரோப் காருக்கும் தம்பியிடம் பாதிக் கட்டண அட்டை வாங்கித் தரச் சொல்லுங்கள். ஸ்கீ டிக்கெட் உங்களுக்குத் தேவையே இல்லை, நடப்பவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டு.

காலணி மட்டும் என் பொறுப்பு. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும், வழுக்காமல் இருக்க அதன்மேல் மாட்டும் ஆணிப்பட்டையும் வாங்கி, தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கடையில் சொல்லும் காலணி அளவு எண் ஊருக்கு ஊர் மாறும், அதை நம்ப முடியாது. ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பாதங்களையும் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை ஸ்கேலால் அளந்து எழுதி, படமெடுத்து அனுப்புங்கள். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், சித்தி.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்