விடைக்குறிப்பைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடந்த வார மாணவர் இணைப்பில் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கில மாதிரி வினாத்தாளில், 'ஐ ஹேவ் மெட் ஹிம் யெஸ்டர்டே' என்பதே சரியான விடை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 'யெஸ்டர்டே' என்று காலத்தைச் சொல்லிவிட்ட பிறகு 'ஹேவ்'வுக்கு அங்கே இடமில்லை. 'ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே' என்றுதான் வர வேண்டும். இது தாங்கள் அறியாததல்ல. ஆனால் மாலையில் என்னிடம் படிக்க வரும் மாணவி அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்துவந்து, "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே, டீச்சர்" என்றாள். பணிக்காலம் முழுவதும் இந்தப் பாடத்தை நடத்திய நான், தங்கள் நாளிதழுக்கு எதிராக அவளிடம் வாதாட வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 'நேற்றே வந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்பது நமக்கு வெறும் நிகழ்காலம். அதே நினைப்பில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் ஆங்கில வினைக் காலங்களின் பன்னிரண்டு கட்ட அட்டவணையை ஒப்பிக்க வைத்து யாருக்கு என்ன பயன்?

இது முதல் முறையும் அல்ல. 'ஆல்ரெடி வந்தால் ஹேவ் அல்லது ஹேஸ் போடுக' என்று முன்பொரு முறை குறிப்புக் கொடுத்தீர்கள். அதை நம்பி, 'வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெய்ன் ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்களை நான் அறிவேன். நாம் போய்ச் சேருமுன்பே ரயில் புறப்பட்டுவிட்டது என்றால் அங்கே 'ஹேட்' அல்லவா வர வேண்டும்? அப்போதே அஞ்சலட்டை எழுதினேன். ஒரு வரி பதில்கூட வரவில்லை.

ஆங்கில ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்கு ஆசிரியரே அங்கே ஆங்கிலமும் நடத்துவார். டியூஷனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தங்கள் இணைப்புதான் ஆசிரியர். அதில் வரும் பிழையைத் திருத்த அந்த வீட்டில் ஆள் கிடையாது.

சரியான விடையை அடுத்த இணைப்பில் அதே பக்கத்தில் வெளியிடுங்கள். இனி அச்சேறும் முன் விடைக்குறிப்பை ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்