சிங்குக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்

ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

அன்பு நண்பா,

இங்கு எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வர முடியாமல் போனதற்கு வருந்தி எழுதியிருந்தாய். கூட்டத்துக்குக் குறைவில்லை. கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். நம்மவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் கரகம் தூக்க இங்கேதான் வருகிறார்கள். உன்னை விசாரிக்காத ஆள் இல்லை.

கடிதத்தின் கடைசியில் மகன் வீட்டில் குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. மெஷினைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீர் நூலாக வருகிறது, பார்க்க வந்த சர்வீஸ் பையன் மெஷினையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போனான் என்று எழுதியிருந்தாய். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. ஆயில் மில் பாய்லரில் வேலை செய்த காலமெல்லாம் தண்ணீரைச் சோதித்துக் குறித்து வைத்தவன் நான். தண்ணீர் விஷயத்தில் யாராவது குடும்பத்தைப் பயமுறுத்தினால் எனக்குப் பொறுக்காது.

முதலில் மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். சிங்குக்கு அடியில் வரிசையாக நிற்கும் 10 அங்குல உருளைகளில் முதலாவது மண்டியைப் பிடிக்கும் பில்டர். அடுத்த ஒன்றோ இரண்டோ கார்பன், அதாவது கரி பில்டர். மேலே படுத்திருக்கும் சிறிய குழாய்க்குள் மெம்பிரேன், தண்ணீரை விட்டு உப்பை நிறுத்தும் சவ்வு. வடிந்த தண்ணீர் ஒரு சிறு டேங்கில் சேர்ந்து, கடைசியாக இன்னொரு கார்பனைத் தாண்டிக் குழாய்க்கு வருகிறது. இதில் விலை கூடியது மெம்பிரேன். மற்றவை அதைக் காப்பாற்ற இருப்பவை. அந்தக் காவலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டுவிட்டு மெம்பிரேன் போய்விட்டது, மெஷின் போய்விட்டது என்று சொல்வதுதான் ஊர் முழுக்க நடக்கிறது.

நம் லயத்துக் குழாயை நினைத்துப் பார். மழை பெய்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். உன் அம்மாவும் என் அம்மாவும் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டிவிடுவார்கள். துணி பழுப்பேறினால் அவிழ்த்து அலசுவார்கள், நைந்துபோனால் வேறு துணி. அந்த முதல் பில்டர் இந்தத் துணிதான், வேறொன்றும் இல்லை. துணி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, யாராவது ஒருத்தி மாற்றிவிடுவாள். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரமும் 1885-இல் கட்டிய காலத்தில் ஊருக்குத் தண்ணீர் சேர்த்து வைத்த தொட்டிதானே! பட்டணத்து நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க நின்றது. இன்று தண்ணீர்ச் சாமான் அலமாரிக் கதவுக்குப் பின்னால், சவர்க்காரத் தூள் பொட்டலத்துக்கு அடியில் கிடக்கிறது. குழாயைத் திறந்தால் தெளிவாக வருகிறது, போதும் என்று விட்டுவிடுகிறோம்.

போன மாதம் பக்கத்து வீட்டு மெஷினைத் திறந்தேன். வாங்கியதிலிருந்து யாரும் தொடவில்லையாம். முதல் உருளையின் கிண்ணத்தைச் சாவி போட்டுத் திருப்பியதும் உள்ளிருந்த தண்ணீர் செம்மண் குழம்பாக வழிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பில்டர் மேலிருந்து கீழ்வரை அடர்பழுப்பு. விரலால் தொட்டால் வழுவழுப்பு, அழுத்தினால் உள்வாங்கியது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் கிண்ணத்தோடு வராமல் மேல் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேடி எடுத்து, அது உட்காரும் பள்ளத்தை விரலைச் சுற்றிய துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போட்டேன். வாசலின் தடவக் கூடாது, ரப்பர் உப்பிப் போகும். ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகச் சமையலறையே நனைந்துவிடும்.

இந்தப் பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும் ஊர்களில் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். விலை சில ரிங்கிட்தான். இது அடைத்துக்கொண்டால் அழுத்தம் இறங்கும், மெம்பிரேனுக்குப் போகும் தண்ணீர் குறையும். உன் மகன் வீட்டிலும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுகிறேன்.

கார்பன் விஷயம் இதைவிட முக்கியம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்க வேண்டும். நம் சுகாதார அமைச்சின் தரப்படி லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை. வழியில் கிருமி சேராமல் அதுதான் காக்கிறது. ஆனால் அதே குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும். 1960 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் சேர்ந்து, கடல்நீரின் உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் பயன்படும் வேகத்தில் விடுகிற சவ்வைச் செய்தார்கள். அது செல்லுலோஸ் அசிட்டேட், குளோரினை ஓரளவு தாங்கும். இன்று வீட்டு மெஷின்களில் வருவது பாலிஅமைடு. உப்பை அதைவிட நன்றாக நிறுத்துகிறது, குளோரினைத்தான் தாங்குவதில்லை. அதனால்தான் கார்பன் முன்னால் நிற்கிறது. அது குளோரினைப் பிடிக்கிற சக்தியை இழந்தாலும் நிறம் மாறாது, தண்ணீரும் நிற்காது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைத் தாளை வாங்கி, கார்பனைத் தாண்டி வரும் தண்ணீரில் நனைத்துப் பார்க்கலாம். நிறம் காட்டினால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

மெம்பிரேன் போய்விட்டதா என்று சொல்ல, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும், பேனா அளவுதான் இருக்கும். குழாய்த் தண்ணீரை அள, வடிந்த தண்ணீரை அள. அங்கே 60, இங்கே 6 என்றால் 90 விழுக்காடு உப்பு நிற்கிறது, மெம்பிரேனைத் தொடாதே. 60-க்கு 15 என்று வந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. காலையில் முதல் டம்ளரை அளக்காதே. மெஷின் சும்மா கிடந்த நேரத்தில் உப்பு மெல்லக் கசிந்திருக்கும், கணக்குக் கூடுதலாகக் காட்டும். கொஞ்சம் ஓடவிட்டு அள. இரண்டு எண்ணையும் தேதியோடு அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பாய்லரில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் யாரும் வந்து பயமுறுத்த முடியாது. முன் பில்டர்களை ஒழுங்காக மாற்றினால் மெம்பிரேன் இரண்டு மூன்று வருடம் நிச்சயம் உழைக்கும், அதற்கு மேலும் போகும். அந்த மீட்டர் குளோரினையும் காட்டாது, கிருமியையும் காட்டாது. சிலர் மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டி இது விஷம் என்கிறார்கள். அது கரைந்த உப்பின் அளவு மட்டும். குடிநீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை நம் அரசாங்கத் தரமே ஏற்கிறது.

இனி உன் மகன் வீட்டுக்கு வருகிறேன். முன் பில்டர்களை மாற்றியும் தண்ணீர் நூலாகவே வந்தால் டேங்கைப் பார்க்கச் சொல். அதற்குள் ஒரு ரப்பர்ப் பை, பைக்கு வெளியே காற்று. காற்று இறங்கிவிட்டால் டேங்க் தூக்க முடியாத கனமாக இருக்கும், குழாயைத் திறந்தால் ஒரு டம்ளரோடு சொட்டத் தொடங்கும். மெஷினுக்கு வரும் தண்ணீரை அடைத்து, டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு, கீழே உள்ள வால்வில் டயர் கேஜ் வைத்துப் பார்க்கட்டும். மோட்டார் டயரில் இருக்கும் அதே வால்வுதான். காலி டேங்கில் காற்றழுத்தம் 7, 8 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். குறைந்தால் கைப்பம்பில் மெதுவாக ஏற்றலாம். இதற்கு மெஷினை மாற்றச் சொல்வது அநியாயம். டேங்க் நிறைந்த பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது வேறு கோளாறு, தானாக அடைக்கும் வால்வு போயிருக்கும். அதுவும் தனியாகக் கிடைக்கும்.

கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் டேங்குக்குள் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. நம் வெக்கையில் பாசி மாதிரி வழுவழுப்பு பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, பில்டர் மாற்றும் நாளில், வாசனை கலக்காத பிளீச் சிறிதளவு விட்டு டேங்கையும் டியூபையும் கழுவ வேண்டும். அதற்கு முன் மெம்பிரேனைக் கழற்றி வைத்துவிட வேண்டும், மறக்கவே கூடாது. பிளீச் வாசனை முழுக்கப் போகும்வரை அலசிவிட்டுத்தான் திரும்ப மாட்டணும். புது கார்பன் போட்டதும் கறுப்புத் தூள் வரும், தெளியும்வரை வெளியே விடு. புது மெம்பிரேன் என்றால் முதல் டேங்கைக் குடிக்காமல் கொட்டிவிடு. தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதும் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கச் சொல்.

கழிவுத் தண்ணீரைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் எனக்கு உறுத்துகிறது. பழைய மாடல்களில் ஒரு லிட்டர் வடிக்க மூன்று நான்கு லிட்டர் வெளியே போகும். அது சாக்கடை நீர் அல்ல, உப்பு கொஞ்சம் கூடிய குழாய்த் தண்ணீர். நான் டியூபை நீட்டி வாளியில் பிடிக்கிறேன். மாப் போடவும் மலசலக்கூடத்துக்கும் அதுதான்.

உன் மூத்த மகளும் ஒன்று வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். வாங்குவதற்கு முன் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை மீட்டரில் அளந்துவிட்டு முடிவெடுக்கட்டும். நம் நாட்டில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவது, உப்பு குறைவு. மண்டியும் குளோரின் வாடையும்தான் தொந்தரவு என்றால் மெம்பிரேனே வேண்டாம், மண்டி பில்டரும் கார்பனும் போதும். கிணற்று நீரோ, கடலோரத்து உப்பு கலந்த நீரோ என்றால் மெம்பிரேன் வேண்டும். மாதக் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால், எந்த பில்டரை எத்தனை மாதத்தில் மாற்றுவார்கள் என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்.

மகனிடம் சொல்லி உருளைகளையும் மெம்பிரேன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல். வீட்டு மெம்பிரேன்களின் வழக்கமான அளவான 1812 என்று போட்டிருந்தால் இங்கே தெலுக் இந்தானிலேயே கேட்டுப் பார்க்கிறேன். அவன் லீவு போடும் நாளைச் சொன்னால் பஸ் ஏறி வந்துவிடுகிறேன், இரண்டு பேருமாகத் திறந்து பார்ப்போம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லயத்து நண்பன்