முகை முதல் மலர் வரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது ரோஜாக் கட்டுகளைப் பிரித்து முள்ளும் இலையும் கழித்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு உறையைக் கிழிக்க மனம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உன் மூத்தவளுக்குக் கல்யாணம்! நம் இருவருக்கும் நடுவில் படுத்துக் கதை கேட்டுத் தூங்கிய பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூவெல்லாம் நான்தான் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்காமல் விட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும். ஆனால் "பூதானே, கடைசி வாரம் பேசிக்கொள்ளலாம்" என்கிறாயே, அது மட்டும் வேண்டாம். இப்போதே பேசிவிடுவோம்.

பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை பூவின் ஏழு பருவத்தை நம் எல்லோரையும் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார், நினைவிருக்கிறதா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். அன்றைக்கு அது மனப்பாடம். இன்றைக்கு என் பிழைப்பே அதுதான். கல்யாணத்தன்று மேடையேறும் நேரத்தில் செண்டில் இருக்கும் ஒவ்வொரு பூவும் சரியாக மலர் என்ற பருவத்தில் இருக்க வேண்டும். முகையாக இருந்தால் கஞ்சத்தனமாகத் தெரியும். அலர் ஆகிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் இதழ் உதிரும். அந்த ஒரு வேளையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் என் வேலையில் பாதி.

ரோஜா இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமான வாளியில் ஒரு இரவு தண்ணீர் குடிக்க விடுவேன். வெளி இதழ் இரண்டு மூன்று பச்சையும் கோடுமாக இருக்கும். அவை பூவுக்குக் காவல் இதழ்கள். அவற்றைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும். பியோனி பஞ்சுமிட்டாய் உருண்டைபோல மெத்தென்று இருக்கும் மொட்டிலேயே வரும். விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, எது நாளைக்கு விரியும், எது மறுநாள் என்று பிரித்து வைப்பேன். பிந்துகிறது என்று தெரிந்தால் வாளியைக் குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்பேன். முந்துகிறது என்றால் திரும்ப உள்ளே. நடு இரவில் எழுந்து போய்ப் பார்த்த நாட்கள் நிறைய. ஹைட்ரேஞ்சியா மட்டும் கடைசி நாள்தான். அது தண்ணீர்ப் பைத்தியம். வாடிவிட்டால் பூத்தலையையே தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால், பெரும்பாலும் சற்று நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

இதெல்லாம் அடிபட்டுக் கற்றதுதான். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், வெள்ளை ஆர்க்கிட் செண்டு ஒன்றை முதல் நாள் மாலையே கட்டி முடித்து, ரோஜா இருந்த அதே குளிர் அறையில் வைத்தேன். அங்கே இரண்டு மூன்று டிகிரி. ரோஜாவுக்கு அது சொர்க்கம். ஆர்க்கிட் வெப்ப நாட்டுச் செடி, அந்தக் குளிரைத் தாங்காது. காலையில் எடுத்துப் பார்த்தால் இதழெல்லாம் கண்ணாடிபோல நீர்கோத்து, ஓரத்தில் பழுப்பேறிக் கிடந்தது. அந்தக் கல்யாண வீட்டு ஜாடிகளுக்கு என்று வைத்திருந்த பூவிலிருந்து எடுத்து நாற்பது நிமிடத்தில் வேறொரு செண்டு கட்டினேன். மணப்பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் தனி அறையில், பதின்மூன்று டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்கும். பழக்கூடையும் பூ இருக்கும் பக்கமே வரக்கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். ஒரு வாளி கார்னேஷனைத் தூங்குகிறமாதிரி கூம்ப வைத்துவிட அது போதும்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பெண்களும் போனில் படம் கொண்டுவருகிறார்கள். படத்தைப் பார்ப்பேன், ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். முதலில் அவள் உடுத்தப்போகும் துணியில் விரல் நீளத் துண்டு ஒன்றை உறையில் வைத்து அனுப்பு. வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை உண்டு. தந்த நிறத் துணிக்குப் பக்கத்தில் பால் வெள்ளை ரோஜாவை வைத்தால் துணி துவைக்காததுபோல மங்கிவிடும். அப்புறம் அவள் உயரம். அப்புறம் அவள் கை. இதைச் சொன்னால் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள், ஆனால் செண்டு அவள் கையில் பல மணி நேரம் இருக்கப்போகிறது. பெரிய பூவாக அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். படபடப்பில் பெண்கள் செண்டை நெஞ்சுவரை தூக்கிவிடுவார்கள், அலங்காரம் முழுக்க மறைந்துபோகும். தொப்புளுக்கு நேராக, முழங்கையைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்து வீட்டிலேயே பழக்கு.

இன்னொன்று, அவளைத் தனியாக வைத்துக் கேள்: எந்த வாசனை பிடிக்கும், எது பிடிக்காது? சில வருடத்துக்கு முன் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். அம்மா லில்லி, கார்டீனியா என்று வாசனைப் பூவாகவே சொல்லிக்கொண்டு போனார். பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாதிரிக்கு ஒரு லில்லியை மேசையில் வைத்தேன். அவள் நாற்காலியை ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளினாள். அவ்வளவுதான். அம்மா போன் பேச வெளியே போனதும் கேட்டேன். கடும் வாசனை பட்டாலே அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடுமாம், சொல்லக் கூச்சமாக இருந்ததாம். வாசனையே இல்லாத லிசியாந்தஸ் கொண்டு அவள் செண்டைக் கட்டினேன். நான் கட்டியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த செண்டு அது. உன் மகளும் கொஞ்சம் அந்த ரகம்தான், யார் மனமும் நோகாமல் தலையாட்டுவாள். அதனால்தான் சொல்கிறேன்.

(லில்லி வேண்டும் என்று அவளே சொன்னால் மகரந்தப் பைகளை நானே கிள்ளி எடுத்துவிடுவேன். தப்பித்தவறி மகரந்தம் துணியில் பட்டால் தேய்க்காதே, தண்ணீர் தொடாதே. ஒட்டும் டேப்பை வைத்து எடு.)

செண்டு இரண்டு கட்டுவேன். 1947-இல் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத் திருமணத்தன்று, படம் எடுக்கும் நேரத்தில் செண்டைக் காணவில்லை. பிறகு இன்னொரு செண்டு கட்டி, மறுபடி மணக்கோலம் பூண்டு படம் எடுத்துக்கொண்டார்களாம். அரச குடும்பத்துக்கே அப்படி என்றால் நமக்கு எதற்கு அந்தப் பதற்றம்? இரண்டாவது சின்னதாக இருக்கட்டும், தூக்கிப் போட்டு விளையாடவும் ஆகும்.

என் பக்கத்துச் செய்தியும் சொல்ல வேண்டும். பூ செருகும் பச்சை ஃபோம் கட்டியை அடியோடு விட்டுவிட்டேன். 1954-இல் அமெரிக்காவில் வந்த பொருள் அது. நம் தொழிலையே சுலபமாக்கியது, மறுக்கவில்லை. ஆனால் அது பிளாஸ்டிக். மக்காது, நுணுகி நுணுகித் தண்ணீரோடு போகும். ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் பச்சைத் தூள் கலந்த அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும்போது மனம் உறுத்தியது. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியிலும் 2021 முதல் அதற்குத் தடை. இப்போது கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் பந்தாகச் சுருட்டிப் பாத்திரத்தில் வைத்து அதில் செருகுகிறேன். நேரம் கூடுகிறது, விரலில் கீறலும் கூடுகிறது. ஆனால் பூ நல்ல தண்ணீரில் நிற்கிறது.

எட்டு வருடம் என்னோடு இருந்த பெண் போன மாதம் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாள். முதல் செண்டின் படத்தை எனக்குத்தான் அனுப்பினாள். காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சுருளாக, இறுக்காமல் கட்டியிருந்தாள். அப்படிக் கட்டினால் மேசையில் நிறுத்தி வைத்தாலும் சாயாமல் தானே நிற்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பெருமையாக இருக்கிறது. காலையில் பட்டறையைத் திறக்கும்போது வெறிச்சென்றும் இருக்கிறது.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின இரவு நீ என்னோடு பட்டறையில் தங்கு. வீட்டு வேலையை ஒரு இராத்திரி யாராவது பார்த்துக்கொள்ளட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு உன் மகளின் செண்டைக் கட்டுவேன். கடைசி முடிச்சுப் போடும்போது ரிப்பனைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். கட்டி முடித்ததும் காம்பின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், ஒரு சொட்டு இருந்தாலும் துணியில் கறை விழும். அதை நீ செய்.

துணித் துண்டை மறக்காமல் அனுப்பு.

என்றும் உன்
பக்கத்து பெஞ்சுத் தோழி