கடற்கோட்டையில் தங்கியது பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ, மருமகன், பிள்ளைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

நீ கனடாவிலிருந்து பதிவு செய்து தந்த அறையில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் நிற்கும், இப்போது விடுதியாக இருக்கும் கடற்கோட்டையில், நாங்கள் இருவரும் போய்த் தங்கிவிட்டு வந்தோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது அங்கே தங்கலாமா, மறியற்சாலையாக இருந்த இடத்தில் காசு கொடுத்துப் படுப்பது சரியா என்று நீ கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் அங்கே தங்கத்தான் வேண்டும் என்பது என்னுடைய எண்ணம். அதற்கு நான் சொல்லும் காரணம் அறையின் வசதியோ, மதிலின் மேல் நின்று பார்க்கும் சூரிய அஸ்தமனமோ அல்ல. அவை நன்றாகவே இருந்தன. காரைநகரில் பிறந்து வளர்ந்த நான் ஊர்காவற்றுறைக்குப் பாதையில், அதுதான் கடலைக் கடக்கும் மிதவையில், போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டையைப் பார்த்திருக்கிறேன். என்னுடைய அப்பாவும் அப்பப்பாவும் அப்படித்தான் பார்த்தார்கள். எங்கள் சனத்தில் அதற்குள் கால் வைத்தவர்கள் கல் சுமந்தவர்களாகவோ, காவலில் இருந்தவர்களாகவோதான் இருந்திருப்பார்கள். போரினால் 1991 இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட பின்னர் அதைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்கும் வழியில்லாமற் போயிற்று. உன்னுடைய பிள்ளைகள் அதன் வாசலால் நடந்து உள்ளே போக வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது நீ பள்ளிக்கூடத்தில் படித்தது. யாழ்ப்பாணப் பரவைக் கடலுக்குள் மேற்கிலிருந்து வரும் கப்பலும் தோணியும் இந்த ஒடுக்கமான வாயைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால், அதன் நடுவில் கிடந்த சிறு திட்டியின் மேல் அவர்கள் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவால் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி விற்ற காலம் அது. இந்த வாயைக் காவல் செய்தவன் கையில் குடாநாட்டின் வியாபாரமும் இருந்தது. பின்னர் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இன்றைக்கும் விடுதியின் பெயர் அதுதான்.

ஒல்லாந்தர் அதைப் பிடித்த விதத்தைப் பிள்ளைகளுக்கு நீ கட்டாயம் சொல்ல வேண்டும். 1658 இல் அவர்கள் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயருக்குக் குடிதண்ணீர் இல்லாமற் போயிற்று. சரணடைவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நாலு பக்கமும் தண்ணீர், குடிப்பதற்கு ஒரு செம்பு இல்லை. நல்ல தண்ணீருக்காக மைல் கணக்கில் குடம் சுமந்த காரைநகர்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே தவறு தங்களுக்கும் நேரக்கூடாது என்று, கோட்டை கைக்கு வந்த பின் ஒல்லாந்தர் செய்த வேலைகளில் ஒன்று நல்ல தண்ணீர் சேர்த்து வைப்பதற்கு உறுதியான தொட்டி கட்டியது. மழையை நம்பி வாழ்கிற எங்கள் மண்ணில் பீரங்கியைவிடப் பெரிய பலம் அந்தத் தொட்டி என்று நான் நினைக்கிறேன். மதிலின் மேலே நின்று நான் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, விடுதிப் பொடியன் ஒருவன் வந்து, குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், போத்தலில் தருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னான்.

காரைநகர்ப் பக்கமிருந்து கடற்படையினரின் படகில் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர்கள்தான் விடுதியை நடத்துகிறார்கள். உன் மனதில் இதுவும் ஒரு தடையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த நண்டுக் கறியில் உறைப்பு அம்மாவுக்குப் போதவில்லை என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் கடலில், எங்கள் முன்னோர் சுமந்த கல்லில் கட்டிய கட்டிடத்துக்கு நாங்கள் விருந்தாளிகளாகப் போய் இறங்கியது நெஞ்சில் தைத்தது. அதற்காகப் போகாமல் இருந்தால், அந்த இடத்தின் கதையைச் சொல்வதற்கு எங்களுடைய ஆட்களே அங்கே இருக்க மாட்டார்கள்.

கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சுவர். எட்டுப் பக்கமாக மடிந்து வரும் அந்த மதிலில் சாந்து கழன்ற இடங்களில் முருகைக்கல் வெளியே தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள். ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்குள் இருந்த பூச்சிகளின் வீடுகள் அவை. அம்மா அதை விரலால் தடவிவிட்டு, தங்கள் வட்டுக்கோட்டை வீட்டுக் கிணற்றுக் கட்டும் இதே கல்தான் என்றாள். பிறகு இருட்டும் வரைக்கும் பூதத்தம்பி கூத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கோட்டை வேலைக்கு மரம் வேண்டும் என்று பகைவன் ஒருவன் வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி, அதில் துரோகக் கடிதம் எழுதி, பூதத்தம்பி முதலியை ஒல்லாந்தரிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்த கதை அது. கூத்தில் வரும் அந்தக் கோட்டை இதுதான் என்று சொல்வார்கள். சின்ன வயதில் விடிய விடிய இருந்து பார்த்த கூத்தின் இடத்தில் தான் இப்போது கதிரை போட்டு இருப்பதை அவளால் நம்ப முடியவில்லை.

மறியற்சாலை பற்றிய உன் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளரையும் அங்கே வைத்திருந்தார்கள். அது சிறையாகவும் இருந்தது. அரசுக்கு எதிராக ஜே.வி.பி. நடத்திய 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட தெற்கத்துச் சிங்கள இளைஞர்களை அடைத்து வைத்ததும் அங்கேதான். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பாசை தெரியாது, எங்களுக்கு அவர்கள் யார் என்று தெரியாது. பாதையில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அதே மதிலுக்குள் குளிரூட்டிய அறையில் படுத்தபோது எனக்குச் சுலபமாக நித்திரை வரவில்லை. வராதது நல்லதுதான் என்றே எண்ணினேன். சிறை என்பதற்காக அந்த இடத்தைப் பூட்டி வைத்தாலும் இடிய விட்டாலும் அங்கே கிடந்தவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆட்கள் வந்து போகிற இடமாக இருந்தால்தான் யாராவது ஒருவர் கேட்பார், யாராவது ஒருவர் சொல்வார். சொல்லாமல் மட்டும் தங்காதே. மூத்தவனுக்கு விளங்கும் வயது. எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்.

வரும் காலத்தைப் பற்றி ஒன்று. மார்கழி விடுமுறைக்கு வந்தால் வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும், படகு ஓடுவது அன்றைய கடலைப் பொறுத்தது. ஆடி ஆவணியில் சோளகம் பலமாக வீசினாலும் மழை இராது. நல்லூர்த் திருவிழாவையும் பார்க்கலாம். கோட்டைக்குப் போவதற்கு முன்னர் ஒரு தடவை பிள்ளைகளைப் பாதையில் ஏற்றி, நாங்கள் பார்த்தது போலத் தூரத்திலிருந்து அதைக் காட்ட வேண்டும். அதை நானே செய்வேன். எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் கையில் வைத்திரு. பயணச்சீட்டு எடுத்தவுடன் திகதியை அறிவித்தால் இங்கிருந்தே நான் அறையை ஒழுங்கு செய்கிறேன்.

இப்படிக்கு
அன்பு அப்பா