சிவப்புக் குழாயடி: மானியக் குழுவினருக்கு ஒரு மடல்

சிங்கப்பூரில் மாணவர்களின் வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணங்களுக்கு மானியம் வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம். மூவறை வீட்டில் வளர்ந்தவன் நான். உங்கள் மானியம் இல்லாவிட்டால் கம்போடியாவை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருப்பேன். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

புனோம் பென்னை அடுத்த கண்டால் மாநிலத்தில், மேக்கோங் கரையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் குழு மணல் வடிகட்டிகள் கட்டியது. ஊர் நடுவே சிவப்புச் சாயம் பூசிய அடிகுழாய் ஒன்று. அழகாக இருக்கிறதே என்று அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதிலிருந்தே தண்ணீர் அடித்து, வடிகட்டியில் ஊற்றிச் செயல்விளக்கமும் காட்டினோம். ஓர் அம்மா கையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. நாங்களும் கையாட்டிச் சிரித்தோம்.

ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு உண்டு. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க 1990களில் உதவி அமைப்புகள் ஏராளமான குழாய்க் கிணறுகளைத் தோண்டின. நஞ்சு தெரியவந்தது பிறகுதான். நிறமில்லை, மணமில்லை, பல ஆண்டுகள் குடித்த பின் தோலில் புள்ளிகளாகவும் புற்றுநோயாகவும் தலைகாட்டும். சிவப்புச் சாயத்துக்குப் பொருள், ‘குடிக்காதே’. சாதாரண மணல் வடிகட்டி கிருமியைக் குறைக்கும், ஆர்சனிக்கை நீக்கிவிடும் என்று நம்ப முடியாது.

அங்கே வீட்டுக்கு வீடு மழைநீர் பிடிக்கப் பெரிய சிமெண்டுச் சாடிகள் நிற்கும். இன்னும் இரண்டு சாடி இருந்தால் வறட்சி மாதங்களைச் சமாளித்திருப்பார்களோ என்னவோ. நாங்கள் கேட்கவில்லை. கேட்டீர்களா என்று உங்கள் படிவமும் எங்களைக் கேட்கவில்லை. விமானச் சீட்டு, காப்புறுதி, ஏன், குழுச் சட்டைக்குக்கூட அதில் இடம் இருந்தது. தண்ணீர்ச் சோதனைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இல்லை.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பத்துப் பேருக்குக் கொடுக்கும் சீட்டில் இரண்டைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் ஒருவரை முன்கூட்டியே அனுப்பி, ஊராரோடு உட்கார்ந்து பேச வையுங்கள். ஓராண்டு கழித்து அதே ஊருக்கு ஒருவரைத் திரும்ப அனுப்புங்கள். நாங்கள் கட்டியவற்றில் எத்தனை இன்று கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்று எனக்கே தெரியாது.

அநாதை இல்லப் பயணங்களுக்கு மட்டும் ஒரு வெள்ளிகூடத் தராதீர்கள். கம்போடியாவின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வருகையாளர் தரும் பணமே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரத் தூண்டுகிறது.

டிசம்பர் விடுமுறைக்கான விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வரும். அவற்றில் கண்டால் என்ற பெயர் இருந்தால், ஆர்சனிக் சோதனைப் பெட்டி வாங்கினார்களா என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மானியம் பெற்ற மாணவன்