காலியாக விட்ட நான்கு கட்டங்கள்

ஸ்ரீராமபுரம், பெங்களூரு
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பா,

உன் மாமா சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பையையும் கொடுத்தனுப்புகிறேன். பையில் என்ன இருக்கிறது என்று கடைசியில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்தது, அடுத்த இரண்டு வருட பி.யூ.சி.யில் எந்த காம்பினேஷன், அதாவது எந்த நான்கு முக்கியப் பாடங்கள், எடுக்கப்போகிறாய் என்று நேற்று போனில் கேட்டேன். "எது வேணாலும் சரிப்பா, நீங்களே ஃபில் பண்ணிடுங்க" என்றாய். பக்கத்தில் ஆயா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நீயும் வைத்துவிட்டாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உன் மேல் கோபம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் என் அப்பாவிடம் சொன்னேன், அது நினைவுக்கு வந்துவிட்டது.

1994-இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். தாத்தாவுக்கு மில்லில் இரண்டாம் ஷிப்ட். காலையில் என்னைக் கல்லூரிக்கு அழைத்துப்போனார். சயின்ஸ் வரிசை படிக்கட்டு தாண்டி வாசல் வரை நின்றது. காமர்ஸ் வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதில நிக்கலாம்?" என்று கேட்டார். "எது வேணா சரிப்பா" என்றேன். சின்ன வரிசையில் நின்றோம். பதினொன்றரைக்குள் வேலை முடிந்து, அவர் நேரத்துக்கு மில்லுக்குப் போய்விட்டார்.

என் காம்பினேஷன் இப்படித்தான் முடிவானது. தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் என்னைக் கேட்கத்தான் செய்தார். பதில் சொல்லாமல் இருந்தது நான்.

கணக்குப்பதிவியல் எனக்கு ஒட்டவே இல்லை. இரண்டாவது முயற்சியில் பாஸ் செய்து, பீன்யாவில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு மேஸ்திரி எனக்குக் கோணம் அமைக்கும் சைன் பார் என்ற கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எஃகுப் பட்டை, அதன் இரண்டு முனைகளிலும் உருளை, உருளைகளின் மையங்களுக்கு நடுவே சரியாக 200 மில்லிமீட்டர். ஒரு பக்க உருளைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டைகளை 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால், பட்டை மிகச் சரியாக 30 டிகிரி சாய்ந்து நிற்கும். "ஏன்?" என்று கேட்டேன். சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு முக்கோணம் போட்டார். சைன் 30 என்றால் பாதி. பத்தாம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு இரும்பைத் தூக்கி நிறுத்தும் என்று இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு அழுகை வந்தது, பாப்பா. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததுமே பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேரலாம், அதை முடித்து டி.சி.இ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுதினால் நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பதெல்லாம் அன்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. உனக்கும் அந்த வழி இருக்கிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடு. அப்படி ஒன்று இருப்பது தெரிந்து விட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மொழிப் பாடம், நான்கு முக்கியப் பாடம், மொத்தம் ஆறு. அந்த நான்கில்தான் எல்லாக் குழப்பமும்.

திங்கட்கிழமை லீவு போட்டு இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு இடத்தில் உன் மார்க் பட்டியலைப் பார்த்த உடனே "பி.சி.எம்.பி. போடுங்க சார், டாக்டர் கதவும் திறந்திருக்கும், இன்ஜினியர் கதவும் திறந்திருக்கும். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா சீட்டு நிக்கும்" என்றார்கள். உன் அத்தையும் அதைத்தான் சொல்கிறாள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் படித்தால் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்க யார் இரவில் கண் விழிப்பது? மருத்துவத்துக்கு நீட்: 180 கேள்வி, அதில் பாதி உயிரியல். இங்கே இன்ஜினியரிங்குக்கு சி.இ.டி. என்ற மாநில நுழைவுத்தேர்வு: கணக்கு, இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 80 நிமிடத்தில் 60 கேள்வி. அந்த மார்க்கில் பாதியும் இரண்டாம் பி.யூ. மார்க்கில் பாதியும் சேர்த்துத்தான் ரேங்க். இரண்டுக்கும் ஒரே பிள்ளை தயாராகிறது என்றால், காலை ஆறு மணி கோச்சிங்கில் தொடங்கி அந்த இரண்டு வருடமும் எப்படிப் போகும் என்று மாடி வீட்டு அண்ணனைப் பார்த்து உனக்கே தெரியும். உயிரியல் மேல் ஆசை இருந்தால் அதையும் தாங்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே நீ "டாக்டர் ஆகணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா" என்று சொன்னாய். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாடத்தைச் சுமப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன்னை நான் கவனித்த வரையில் ஒன்று சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் வெள்ளம் வந்து, ஆபீஸ் போகிறவர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதை டிவியில் காட்டினார்கள். நீ அப்போது ஏழாவது. எல்லோரும் டிராக்டரைப் பார்த்தோம். நீ மட்டும் "அந்தத் தண்ணி முன்னாடி எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நீயே தேடினாய். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி என்று நீ சொல்லித்தான், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மெஜஸ்டிக்கில் நிற்கவைத்து, எந்தப் பக்கத்திலிருந்து சரிவு இறங்குகிறது என்று கையை நீட்டிக் காட்டினாய். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த ஆசைக்கு எந்தக் கல்லூரியிலும் தனியாக ஒரு காம்பினேஷன் கிடையாது. விசாரித்துப் பார்த்ததில் மூன்று பக்கமிருந்தும் போகலாம் போலிருக்கிறது. சிவில் இன்ஜினியரிங், அதற்குப் பி.யூ.வில் இயற்பியலும் கணக்கும் கட்டாயம். நகரத்தைத் திட்டமிடும் பி.பிளான், அதற்கும் கணக்கு வேண்டும். மூன்றாவது, புவியியல், பொருளாதாரம் எல்லாம் படித்து மேலே ஆராய்ச்சிக்குப் போவது. அதற்கு ஆர்ட்ஸ் எடுக்கலாம். வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் மூன்றோடு நான்காவதாகச் சமூகவியலோ புவியியலோ கல்லூரியைப் பொறுத்து இருக்கும். காமர்ஸ் பற்றி நான் எழுதவில்லை. உனக்கு அதில் நாட்டம் இருந்தால் சொல், அதையும் போய்ப் பார்த்து வருகிறேன்.

என் கருத்தைக் கேட்டால், கணக்கை விடாதே. சயின்ஸ் உயர்வு, ஆர்ட்ஸ் தாழ்வு என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. நான் சொல்வதற்குக் காரணம் வேறு. பி.யூ.வில் கணக்கு படித்தவள் பிறகு பி.ஏ. பொருளாதாரம் போகலாம், ஐந்து வருட சட்டப்படிப்பு போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கணக்கு இல்லாமல் முடித்துவிட்டு இன்ஜினியரிங் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் போனால் திரும்பி வரலாம், இன்னொரு பக்கம் போனால் வருவது கஷ்டம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். கணக்கில் நீ 88 வாங்கியிருக்கிறாய், பயப்படும் ஆளும் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்துவிட்டு "இல்லப்பா, எனக்கு ஆர்ட்ஸ்தான்" என்று சொன்னால், அந்தக் கவுண்டரில் உன்னோடு நானே நிற்பேன். சொந்தக்காரர்கள் கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

கணக்கோடு போவதென்றால், உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பி.சி.எம்.சி. இரண்டு கல்லூரிகளிலும் இருக்கிறது. இரண்டிலும் லேபைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒன்றில்தான் காட்டினார்கள். இயற்பியல், வேதியியலில் 100-க்கு 30 மார்க் செய்முறைக்கு. லேப் பூட்டியிருக்கும் கல்லூரியில் உன்னைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

மொழிப் பாடத்தில் ஆயா தமிழ் எடுக்கச் சொல்வார். எனக்கும் ஆசைதான். தமிழ் இருக்கும் பி.யூ. கல்லூரி இங்கே குறைவு. நான் பார்த்த இரண்டிலும் இல்லை. மார்க்குக்காக சமஸ்கிருதம் எடுப்பவர்கள் நிறைய. நீ கன்னடம் எடு, அது உன் தெருவின் மொழி, உனக்குச் சரளமாக வரும். தமிழை நம் வீட்டில் படிப்போம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம், நீயும் நானும்.

உன் தோழிகள் மூன்று பேரும் பி.சி.எம்.பி. என்று கேள்விப்பட்டேன். நீ சொல்லாவிட்டாலும் அது உன் மனதில் இருக்கும். தனியாகப் போவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. மூவரும் மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் நம் வீட்டுக்குக் கூப்பிடு, அம்மா சமைப்பாள்.

பையில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அவென்யூ ரோட்டில் பழசாக வாங்கினேன். பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. கணக்கு, உயிரியல், புவியியல். ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தை மட்டும் படி. பரீட்சைக்குப் படிப்பது போல வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் மாதிரி புரட்டு. எதில் நீயாகவே இரண்டாவது பாடத்துக்குப் போகிறாய் என்று பார்.

புவியியல் புத்தகத்துக்குள் கல்லூரி விண்ணப்பம் மடித்து வைத்திருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். பாடத்துக்கான நான்கு கட்டமும் காலி. பெற்றோர் கையெழுத்தை இப்போதே போட்டுவிட்டேன். நீ என்ன எழுதினாலும் அது என் கையெழுத்துக்கு மேல்தான் இருக்கும்.

முதலில் பென்சிலால் எழுது. புதன்கிழமை மாமாவோடு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறு. சிட்டி ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். ஆயாவிடம் புளி வாங்கி வர மறக்காதே, அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா