நகரின் அறியப்படாத மூலைகளும் படைப்பூக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைஞர்கள் புதிய உந்துதல் தேடித் தொலைதூரப் பயணம் மேற்கொள்ள வேண்டும் என வலியுறுத்தும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். பயணத்தின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும், சொந்த நகரிலேயே எவரும் நின்று பார்க்காத இடங்கள் தரும் ஊக்கத்தை அக்கட்டுரை கருத்தில் கொள்ளாதது பெருங்குறை.

புகழ்பெற்ற இடங்களை எந்தக் கோணத்தில் பார்ப்பது என்பதைப் பிறர் முன்பே முடிவுசெய்துவிட்டதால், நாம் வரைவதும் படமெடுப்பதும் அஞ்சலட்டையில் கண்டதன் நகலாகவே அமைந்துவிடுகின்றன. ரயில் நிலையத்தின் பின்புறமுள்ள சரக்குக் கிடங்கின் சுவருக்கு அத்தகைய கோணம் ஏதும் இல்லை. அங்கே சுண்ணாம்புப் பூச்சு உரிந்து, அடியிலிருந்த பழைய விளம்பரத்தின் எழுத்துகள் பாதி மட்டும் தெரியும். இரும்புக் கொக்கியிலிருந்து மழைநீரோடு வழிந்த துரு, செங்கல்லைவிட அடர்ந்த கோடாகத் தரைவரை இறங்கியிருக்கும். எங்கே நிற்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நாமே தீர்மானித்தாக வேண்டும். படைப்பு அந்தத் தீர்மானத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பாரிஸ் நகரில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் யூஜின் அட்ஜே (1857–1927) இதற்குச் சிறந்த சான்று. கனத்த மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து அந்நகரின் பழைய தெருக்களில் பல்லாண்டுகள் நடந்த அவர், மாடிப்படிகள், முற்றங்கள், கடை முகப்புகள் என்று யாரும் பொருட்படுத்தாதவற்றைப் படமெடுத்து, ஓவியர்களுக்கு மாதிரிகளாக விற்று வாழ்ந்தார். அவர் மறைந்தபின் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பெரனிஸ் ஆபட் வாங்கிக் காத்த அப்படங்களின் தொகுப்பு, 1968 முதல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் செல்வதும் இன்றியமையாதது. காலை வெயிலில் தட்டையாகத் தெரிந்த சுவர், மாலையின் சாய்ந்த ஒளியில் மேடுபள்ளங்களுடன் வேறொன்றாக நிற்கும். நமக்கு அறியப்படாத மூலை வேறொருவர் குடியிருக்கும் இடமாகவும் இருக்கலாம் என்பதால், அங்குள்ளவர்களை வரையவோ படமெடுக்கவோ அவர்களின் இசைவைப் பெறுவது கடமை.

சுற்றுலாக் கட்டுரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும், வாசகர்கள் தத்தம் நகரின் இத்தகைய இடங்களிலிருந்து உருவாக்கும் ஓவியங்களுக்கும் எழுத்துகளுக்கும் வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடங்களின் முகவரியை வெளியிட வேண்டாம். படைப்பை மட்டும் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்